பெரிய கடைக்காரருக்கு இங்கே இடமில்லை

"இந்த ஆளுக்கு ஊத்தாதே, நார்மா!"

டெரிக் போட்ட சத்தத்தில் அந்த யார்க்ஷயர் கிராமத்து பப்பே திரும்பிப் பார்த்தது.

வாசலில் மழைக்கோட்டை உதறிக்கொண்டு நின்றவர் மால்கம். ஊர் எல்லையில் இருக்கும் சூப்பர்மார்க்கெட்டின் மேனேஜர். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, ஓரமாக உட்கார்ந்து, ஒரு கிளாஸ் பீரை நிதானமாகக் குடித்துவிட்டுப் போகிறவர்தான்.

ஆனால் இன்றைக்கு அவர் வந்த வேளை சரியில்லை.

கொஞ்சம் முன்னால்தான், பப்பை நடத்தும் நார்மா விஷயத்தைப் போட்டு உடைத்திருந்தாள். கிறிஸ்துமஸுக்குள் வியாபாரம் தேறாவிட்டால், கட்டட உரிமையாளர்கள் பப்பை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். அவள் குடியிருப்பதும் அதே கட்டடத்தின் மாடியில்தான்.

"எல்லாம் அந்தப் பெரிய கடையாலே!" என்று கொதித்த டெரிக், அங்கேயே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இனி ஊரில் யாரும் அங்கே சரக்கு வாங்கக் கூடாது. எல்லாரும் கை தூக்கினார்கள். நார்மாவும் தூக்கினாள்.

தூக்கிய கை இறங்குவதற்குள் மால்கம் உள்ளே வந்துவிட்டார்.

"ஏன் மால்கம், உங்க கடையில தண்ணியைவிட பீர் மலிவாமே? அதை வாங்கிக் குடிக்கிறதுதானே?" என்றாள் டோரீன், பிளம்பர் வீட்டுக்காரி.

"வீட்டுல தனியா உட்கார்ந்து குடிச்சா கசக்குது, டோரீன்."

"நல்லா கசக்கட்டும்! நார்மா பிழைப்பையே கசக்க வச்சவர்தானே நீங்க?"

கொல்லென்று சிரிப்பு. மால்கமும் சேர்ந்து சிரித்தார்.

"சரி, கோபம் வேண்டாம். இந்தச் சுற்று என்னோடது. எல்லாருக்கும் ஊத்துங்க, நார்மா."

டெரிக் தன் கிளாஸின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். பக்கத்து மேஜைக்காரரும் மூடினார். அடுத்து டோரீன். யார்க்ஷயரில் ஒருவர் வாங்கித் தரும் சுற்றை மறுப்பது, பந்தியில் பரிமாற வரும்போது இலையை மடிப்பதற்குச் சமம்.

"ஓநாய் ஆட்டுப்பட்டிக்குள்ள வந்து குசலம் விசாரிக்குதுடா!" என்றார் டெரிக். "நார்மா, தடை போடு. இனிமே இவர் இந்த வாசல்படி மிதிக்கக் கூடாது."

"ஆமா, தடை போடு!"

பப்புக்குள் நார்மா வைத்ததுதான் சட்டம். அவள் தடை என்று சொல்லிவிட்டால், பாதிரியாரே ஆனாலும் எழுந்து போக வேண்டியதுதான். காரணம் கேட்கக் கூடாது.

மால்கம் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். டெரிக் கணப்படுப்பைப் பார்த்தார். டோரீன் கைப்பைக்குள் எதையோ தேடினாள். பார்வை தன் பக்கம் வந்ததும், நார்மா துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"மன்னிச்சுக்கோங்க, மால்கம். இனிமே இங்கே வராதீங்க."

"சரிம்மா."

அவ்வளவுதான் சொன்னார். ஈரக் கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டார்.

"பார்த்தீங்களா? பதில் பேச வாய் வரலை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்!" என்று கிளாஸை உயர்த்தினார் டெரிக்.

மறுநாள் காலை, சூப்பர்மார்க்கெட்டின் கதவு திறந்த கையோடு ஒரு பெண் தள்ளுவண்டியுடன் உள்ளே நுழைந்தாள். புருவம்வரை இழுத்துக் கட்டிய ஸ்கார்ஃப்.

நார்மா.

வண்டியில் ஜின், விஸ்கி, வோட்கா, பெட்டி பெட்டியாக சோடா, ஒரே ஒரு முட்டைக்கோஸ். மொத்த வியாபாரி அவளுக்குச் சொல்லும் விலையைவிட இங்கே அலமாரி விலை குறைச்சல். அவரிடம் வாங்கிக் கட்டுபடியாகாமல்தான், சனிக்கிழமைதோறும் ஊர் விழிக்குமுன் இங்கே வந்து போகிறாள்.

வழக்கமாகக் கல்லாவில் ஒரு சின்னப் பெண் இருப்பாள். இன்றைக்கு மால்கமே நின்றார்.

நார்மா ஸ்கார்ஃபை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள்.

"வாங்கம்மா" என்று அவரே பாட்டில்களை எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். "அந்த முட்டைக்கோசை இப்படிக் கொடுங்க, மேல வச்சிடறேன். வழியில யாராவது எட்டிப் பார்த்தா சமையலுக்குன்னு சொல்லிக்கலாம்."

"மால்கம், நேத்து எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் மானம் போயிருக்கும். ஏன் சொல்லலை?"

"சொன்னா உங்க மானம் மட்டுமா போகும்? கோவிச்சுக்கிட்டு அத்தனை பேரும் பக்கத்து ஊர் பப்புக்குப் போயிடுவாங்க. அப்புறம் கிறிஸ்துமஸுக்கு நீங்க எங்கே இருப்பீங்க?"

நார்மா ஸ்கார்ஃப் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாயந்திரம் வாங்க. தடையை எடுத்துட்டேன்."

"ஏன் எடுத்தேன்னு கேப்பாங்களே. என்ன சொல்வீங்க?"



அப்போது வாசல் கண்ணாடிக் கதவு விலகியது. தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டு, காலி வண்டியைத் தள்ளியபடி டெரிக் உள்ளே வந்தார்.

நார்மா சட்டென்று கல்லாவுக்குக் கீழே குனிந்தாள்.

மால்கம் ஓர் எட்டு முன்னால் வந்து, அவளை மறைத்தாற்போல நின்றுகொண்டார்.

"வாங்க, டெரிக்! உங்க பீர் பெட்டியைக் கடைசிக் கல்லாவுல எடுத்து வச்சிருக்கேன். தைரியமா வாங்க, நம்ம ஊர்க்காரங்க இன்னும் ஒருத்தரும் வரலை."