மேகத்தைத் தின்ற ஆடு

நாலு வயது மகளுக்கு ஞாபக மறதி என்று பயந்துபோய், சதீஸ்குமார் அவளை அருப்புக்கோட்டை டாக்டரிடம் தூக்கி வந்தான். கையில் அங்கன்வாடியில் கொடுத்த கதைப் புத்தகம்.

“இதைத்தான் தெனமும் வாசிக்கிறா டாக்டர். நேத்து, ஆடு மேகத்தைத் தின்னுருச்சுன்னு சொன்னா. இன்னைக்கு, மேகந்தான் ஆட்டைத் தின்னுச்சாம். எல்.கே.ஜி. இன்டர்வியூவுல இப்படி மாத்திச் சொன்னா மானம் போயிரும்!”

“நீங்க ஒருதரம் வாசிச்சுக் காட்டலாமே?”

“தறி ஓட்டவே நேரம் பத்தல. டானிக்கு ஏதாவது எழுதிக் குடுங்க.”

டாக்டர் புத்தகத்தை வாங்கிக் கடைசிவரை புரட்டினார். எல்லாம் படம். மருந்துக்குக்கூட ஓர் எழுத்து இல்லை. அப்படியே அவன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

சதீஸ்குமார் மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டான்.

“எழுத்தே இல்லாமலா இம்புட்டுக் கதை சொன்னா? அப்ப வியாதி முத்திருச்சு டாக்டர்! மதுரைக்குக் கொண்டு போயிரட்டுமா?”