கட்டைவிரல் தப்பு

என் மனைவியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆபரேஷன் தியேட்டர் வாசலில். படுக்கையைத் தள்ளிக்கொண்டு போன நர்ஸிடம், "ஒரு நிமிஷம்மா" என்று நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

ஏதோ முக்கியமாகச் சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன்.

"சனிக்கிழமை பிள்ளைங்க வருவாங்க. கிரவுண்ட் கேட்டைத் திறந்து விடுங்க. பந்தை உருட்டி விடுங்க, போதும். வாயைத் திறந்து எதுவும் சொல்லிக் குடுத்திராதீங்க."

கதவு மூடிக்கொண்டது. அவள் திரும்பி வரவில்லை.

அவள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கால்பந்தில் கோல்கீப்பராக நிற்க ஆசைப்படும் சின்னப் பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் தெருமுனை கிரவுண்டில் அடிப்படை சொல்லிக் கொடுப்பாள். நான் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். அந்தக் கிரவுண்டுக்கு ஒருநாளும் போனதில்லை. பந்துக்கும் எனக்கும் இருந்த உறவு, முப்பது வருஷம் அவள் பேசியதை 'ம்' கொட்டிக் கேட்டது மட்டும்தான்.

அவள் போன மூன்றாவது சனிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. ஆறு பெண்கள்.

"அங்கிள், கேட் சாவி."

சாவியை நீட்டினேன். "நீங்களே திறந்துக்குங்கம்மா."

"அப்ப பந்தை யாரு உருட்டுவா?" என்றாள் முன்னால் நின்றவள்.

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மனைவி போன பிறகு நான் வாசலைத் தாண்டியது அன்றுதான். கடை பூட்டிக் கிடந்தது. அடுப்புப் பற்ற வைக்கவே தோன்றாது. பிஸ்கட்டும் தண்ணீருமாக நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

முன்னால் நின்ற அந்தப் பெண்தான் என் பொறுமையைச் சோதித்தாள். பந்தைப் பிடிக்கும்போது இரண்டு கட்டைவிரலும் அருகருகே இருக்க வேண்டும். விலகினால் பந்து நடுவில் புகுந்துவிடும். என் மனைவி சொல்லிச் சொல்லி நான் 'ம்' கொட்டிய முதல் பாடமே அதுதான். இந்தப் பெண்ணின் இரண்டு கட்டைவிரலுக்கும் ஜென்மப் பகை. பந்து வழுக்கி வழுக்கி ஓடும். மனதுக்குள் 'வெண்ணெய்' என்று பெயர் வைத்தேன்.

இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் முடியவில்லை.

"ஏம்மா, உன் ரெண்டு விரலுக்கும் நடுவுல பஸ்ஸே போகும் போலிருக்கே!"

"இப்படியா அங்கிள்?"

"அப்படி இல்லம்மா, இப்படி!"

இன்னொருத்தி கொசு மாதிரி இருப்பாள். விழும்போதெல்லாம் முழங்கையை ஊன்றுவாள்.

"இடுப்புப் பக்கமா சாஞ்சு விழு. முழங்கை உடைஞ்சா உங்கம்மாவுக்கு நானா பதில் சொல்றது?"

தலையை ஆட்டுவாள். அடுத்த பந்துக்கும் அதே முழங்கை.

கத்திக் கத்தி வீட்டுக்கு வந்தால் பசி பிடுங்கும். சனிக்கிழமை அடுப்பு எரிந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமையும் எரிந்தது. ஒரு திங்கட்கிழமை கடையைத் திறந்தேன்.

ஐந்து மாதம் ஆயிற்று. வெண்ணெய் வெண்ணெயாகவே இருந்தாள். இனியும் அவளை நம்ப வைப்பது பாவம் என்று பட்டது. 'உனக்கு இது வராதும்மா, வேற ஏதாவது விளையாடு' என்று வரும் சனிக்கிழமை சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஸ்டேடியம் கேன்டீனில் ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று கூப்பிட்டார்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உட்கார்ந்து கழற்றிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பெண்கள் மேட்ச். கோலில் நின்றவள் உயரத்தில் வந்த பந்தை எம்பிப் பிடித்து நெஞ்சோடு அணைத்தாள். கட்டைவிரல் இரண்டும் ஒட்டினாற்போல இருந்தன. அடுத்த பந்து தரையோடு வந்தது. சாய்ந்து விழுந்து அமுக்கினாள். முழங்கை தரையில் படவே இல்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வெண்ணெய்!

"நல்லா பிடிக்குதே அந்தப் பொண்ணு" என்றேன் கேன்டீன்காரரிடம்.

"அதுவா? மாவட்ட டீம் கீப்பர் சார். ஸ்கூல்ல புது கோச் போட்டு நாலு மாசமா தினமும் இங்கதான் பழகுதுங்க. இது மாதிரி ஆறு பொண்ணுங்க. ஆறும் சூரப்புலி!"

மேட்ச் முடிந்து தண்ணீர் குடிக்க வந்தார்கள். ஸ்பேனரும் கையுமாக ஃபிரிட்ஜுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நாளைக்கு யாருடி கட்டைவிரல் தப்பு?" கொசுவின் குரல்.

"அஞ்சு மாசமா நானேதான் பண்றேன். நாளைக்கு நீ பண்ணு. நான் முழங்கையை எடுத்துக்கறேன்."

"ஐயோ, நீ பண்ணாதான் அங்கிளுக்குக் கோவம் நல்லா வருது."

"பாவம்டி, தொண்டை கட்டிக்குது அவருக்கு."

"கட்டிக்கட்டும். கத்த ஆரம்பிச்சப்புறம்தானே கடையையே திறந்தாரு!"

சிரித்துக்கொண்டே போனார்கள். அந்த ஃபிரிட்ஜின் திருகாணி எதுவும் வெகுநேரம் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

மறுநாள் கேட்டைத் திறந்தேன். முதல் பந்து வெண்ணெயின் கைகளுக்கு நடுவே புகுந்து ஓடியது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"கட்டைவிரல்! எத்தனை தடவைம்மா சொல்றது?"

"சாரி அங்கிள்!"

ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த ஆறு பேரும் படித்து, வேலைக்குப் போய்விட்டார்கள். போகும்போது தங்கைகளையும் தங்கைகளின் தோழிகளையும் விட்டுவிட்டுப் போனார்கள். இப்போது சனிக்கிழமை பதினொரு பேர் வருகிறார்கள். ஒருத்திக்குக்கூட இன்னும் பந்து பிடிக்கத் தெரியவில்லை.