கைக்கு அடியில்

இடது கைக்கு அடியில் ஏதோ முட்டியது.

கயிறு என்று நினைத்தாள். கடற்புல்லை அளப்பதற்காகக் கடலடித் தரையில் அவளே விரித்திருந்த கயிறு. கையால் விலக்கினாள்.

கயிறு இல்லை. மெத்தென்று இருந்தது.

திரும்பினாள்.

கடல்பசுக் குட்டி. மீனவர்கள் பேச்சில் ஆவுளியா. பிறந்தபோதிருந்த மடிப்புகள் முதுகில் இன்னும் முழுசாக விரியவில்லை.

வெயில் நீருக்குள் இறங்கிப் புல்லின் மேல் நெளிந்துகொண்டிருந்தது. நீரோட்டத்தில் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குட்டியும் சாய்ந்தது. அவளும் சாய்ந்தாள்.

எட்டு வருடமாக இந்தக் கடலில் இவற்றைத் தேடுகிறாள். பார்த்ததெல்லாம் புல்லில் மேய்ந்துபோன தடங்கள். தூரத்தில் இரண்டு முறை ஒரு முதுகு. உயிரோடு ஒன்று இத்தனை பக்கத்தில் வந்ததே இல்லை.

குட்டி மூக்கால் அவள் விலாவைத் தடவியது. கைக்கு அடியில் நுழைந்தது. தேடியது.

அப்போதுதான் புரிந்தது.

கடல்பசுவுக்கு மடி வயிற்றில் இல்லை. துடுப்புக் கையின் இடுக்கில்.

நேற்றுக் கரையில் செத்துக் கிடந்த தாயை அவள்தான் அளந்தாள். நீளம், சுற்றளவு, பல். துடுப்பைத் தூக்கியபோது பால் கசிந்து மணலில் இறங்கியது. 'பெண். பால் கொடுத்துக்கொண்டிருந்தது' என்று எழுதினாள்.

மூச்சு முட்டி மேலே வந்தாள். குட்டியும் கூடவே வந்து ஒரு மூச்சு விட்டது. சின்னத் தும்மல் மாதிரி.

படகில் சூசைமாணிக்கம் எழுந்து நின்றார்.

தாய் மாட்டியது அவருடைய வலையில். துண்டு துண்டாக வெட்டிக் கடலில் தள்ளிவிடு, இல்லையென்றால் கேஸாகிவிடும் என்று ஊரில் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. அவரே அவளுக்குப் போன் செய்தார். மாட்டிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டதும், அவரே கூட்டியும் வந்தார்.

"அதோட புள்ளையா மேடம்?"

அவள் தலையசைத்தாள்.

"என்ன கேக்குது?"

குட்டி அவள் கையிடுக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

வனத்துறைக்குப் போன் போனது. ஆட்கள் வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும்.

அதுவரை குட்டி இங்கேயே நிற்க வேண்டும்.

வடக்கே நான்கு படகுகள் வந்துகொண்டிருந்தன. வலை ஏற்றிய படகுகள்.

சூசைமாணிக்கம் சட்டையைக் கழற்றினார். படகின் முனையில் ஏறி நின்று, தலைக்கு மேல் வீசினார்.

"இங்கிட்டு வராதீங்கடா! வலைய எறக்காதீங்க! ஆவுளியாக் குட்டி நிக்கிது!"

வீசுவதை நிறுத்தவில்லை.

அவள் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தாள். கையைச் சற்றே தூக்கி வைத்துக்கொண்டு, குட்டியோடு உள்ளே இறங்கினாள்.

நீருக்கு அடியில் கேட்டது. ஓர் இன்ஜின் நின்றது. பிறகு இன்னொன்று. பிறகு மற்ற இரண்டும்.

கடல் முழுக்க அமைதி.

குட்டி மட்டும் தேடிக்கொண்டே இருந்தது.