வென்ற கட்சி

"ஜெயிச்சேன்னா ஊரைத் தாண்ட மாட்டே, புள்ள!" வாசலில் துப்பாக்கியோடு நின்ற வெள்ளைக்காரன் சொன்னதைக் கேட்டுக்கொண்டே ஆர்டெல்லா அரங்குக்குள் நுழைந்தாள்.

அலபாமா, 1936. அந்த வெள்ளையர் கல்லூரியின் விவாத மேடையில் ஒரு கறுப்பினப் பெண் ஏறியது அதுவே முதல்முறை. சீட்டுக் குலுக்கலில் தனக்கு விழுந்த பக்கத்துக்காகப் பேசி முடித்தாள்.

மூன்று நடுவர்களும் உள்ளூர்ப் பையன் கிளேட்டனுக்கே வெற்றி என்றார்கள். அரங்கம் எழுந்து ஆரவாரித்தது.

"தோத்துட்டோம்ல, இனி ஒண்ணும் பண்ண மாட்டாங்க," என்று பெருமூச்சு விட்டான் கூட வந்த லூஷியஸ்.

"இப்பத்தான்டா எனக்குப் பயமே. இவங்களுக்கு உறைக்கிறதுக்குள்ள காரை எடு!" என்றாள் ஆர்டெல்லா.

சீட்டுக் குலுக்கலில் கிளேட்டனுக்கு விழுந்திருந்த கட்சியை விவாதத் தலைவர் உரக்க வாசித்தார்: "கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வகுப்பில் படிக்க வேண்டும்."

கைதட்டல் பாதியில் நின்றது.