மூவாயிரமாவது ஹிட்

பந்தை அடித்து ஒரு நிமிடம் ஆகியும் மைதானத்தில் யாரும் உட்காரவில்லை. நாற்பதாயிரம் பேரும் கண்ணாடி அறைக்குள் இருந்த ஸ்கோரர் மாசிலாமணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தோரு வருடம் பேஸ்பால் ஆடிய இன்னாசி, தன் கடைசி ஆட்டத்தின் கடைசி அடியை அடித்துவிட்டு, ஓடிப்போய் முதல் பேஸில் நின்றார். இது ஹிட் என்றால், அதாவது யார் பிழையாலும் இல்லாமல் தன் அடியாலேயே பேஸை எட்டினார் என்றால், அவருக்கு மூவாயிரமாவது. ஆனால் பந்து எதிரணிக்காரனின் கையுறைக்குள் போய்த்தான் நழுவியிருந்தது. அதை அவனுடைய பிழை என்று மாசிலாமணி எழுதினால், இன்னாசி ஒன்று குறைய வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"சார், என்னன்னு அறிவிக்கட்டும்?" மைக்கைப் பிடித்திருந்த சுகிர்தாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஹிட்டுன்னே சொல்லிடலாமே. அந்தப் பையன் பேர்லயும் பிழை விழாது. யாருக்கு சார் நஷ்டம்?"

யாருக்கும் இல்லை. அதுதான் மாசிலாமணியை எழுதவிடவில்லை. விரல்களுக்கிடையே பென்சில் வியர்வையில் வழுக்கியது. அடித்தவர் முகத்தைப் பார்த்தால் ஹிட்டா பிழையா என்று தெரிந்துவிடும் என பைனாகுலரை எடுத்தார். பந்தை நழுவவிட்டவன்கூட இந்த ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னாசி மட்டும் நிமிரவில்லை. குனிந்து, இறுக்கமாகவே இருந்த ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார். மறுபடியும் அவிழ்த்தார்.

"சார், எல்லாரும் காத்திருக்காங்க."

"இரும்மா," என்றார் மாசிலாமணி, பைனாகுலரை இறக்காமல். "அவர் கட்டி முடிக்கட்டும்."