உறுமிச் சத்தம்

இன்றைக்கு அந்த மனிதரிடம் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் ஹேமா ஓடிக்கொண்டிருந்தாள்.

கிள்ளான் ஏரிப் பூங்காவில் பனி இன்னும் கலையவில்லை. காதில் பாட்டு. தாளத்துக்குக் கால்கள் தாமாகவே போயின. உடம்பே இல்லாமல் மிதப்பதுபோல் இருந்தது. பாட்டோடு ஓடத் தொடங்கிய பிறகுதான் ஐந்து கிலோமீட்டரில் முழுசாக இரண்டு நிமிடம் குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை போட்டி.

அந்த மிதப்பைக் கலைக்கவே வந்ததுபோல உறுமிமேளம் கேட்டது.

அந்த மனிதர்தான். தினமும் கையில் ஸ்பீக்கரோடு திருச்செல்வம் முன்னால் போவார். பத்தடி பின்னால் அவர் மனைவி கோமதி தனியாக வருவார். ஒருநாள்கூடத் திருச்செல்வம் திரும்பிப் பார்த்ததில்லை. பெண்டாட்டி வருகிறாளா இல்லையா என்றுகூடக் கவலைப்படாத மனிதர் என்று ஹேமா தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள்.

அவர் அருகில் போய் நின்றாள்.

"அங்கிள், இங்க நாங்களும் ஓடுறோம். கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"சாரிம்மா," என்று உடனே நிறுத்திவிட்டார்.

பூங்கா அமைதியானது. பின்னால் கோமதியும் அப்படியே நின்றுவிட்டார். எடுத்து வைக்கப்போன கால், தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நகரவில்லை. விரல்கள் மட்டும் நடுங்கின.

"வரேங்க... கால்தான் வரல," என்றார் மெல்ல.

ஹேமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. திருச்செல்வம் தயங்கியபடி அவளைப் பார்த்தார்.

"பார்க்கின்சன்ஸ்மா. தாளம் கேட்டாத்தான் அவளுக்குக் கால் நகரும். போட்டுக்கவா?"

ஹேமாவே அவசரமாக ஸ்பீக்கரின் பொத்தானை அழுத்தினாள்.

உறுமி முழங்கியது. கோமதியின் கால் எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பனிக்குள் நீந்துவதுபோல் நிதானமாக, யார் துணையும் இல்லாமல் அந்த அம்மா நடந்தார். முகத்தில் சின்னச் சிரிப்பு.

ஹேமா இயர்போனைக் கழற்றிவிட்டு, முன்னால் போன திருச்செல்வத்தோடு சேர்ந்து நடந்தாள். பிறகு மனசு கேட்காமல் கேட்டாள்.

"ஆன்டி விழுந்துட்டா என்ன செய்றது, அங்கிள்? நீங்க பக்கத்துலயே நடக்கலாம்லா?"

திருச்செல்வம் நேராகப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பக்கத்துல நடந்தா என் முகத்தப் பார்த்துடுவாம்மா. அவளவிட எனக்குத்தான் பயம் அதிகம்."