அப்பாவின் தொப்பைக்கு மதிப்பெண்

பள்ளிக்கூடங்களில் இப்போது பிள்ளைகளை எடை போடுவதில்லை. பெற்றோர் உடம்பு சரியாக இருந்தால் பிள்ளை உடம்பும் சரியாக இருக்கும் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. ஆகவே மூன்றாம் வகுப்பு யாழினியின் ரேங்க் கார்டில், கணக்குக்குக் கீழே, அவள் அப்பா பொன்ராஜின் தொப்பைக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. போன பருவத்தில் அவர் வாங்கியது நூற்றுக்குப் பதினொன்று.

அந்த அவமானத்தில், மூன்று மாதமாக அவருக்கும் மனைவி ஜெயந்திக்கும் ராத்திரியில் கஞ்சி மட்டும்தான். ஆனால் வாங்கிப் பழகிய பரோட்டாவை நிறுத்தவும் மனசு வரவில்லை, குப்பையில் போடவும் மனசு வரவில்லை.

"வீணாப் போயிரும்மா, நீ சாப்பிடு" என்று தன் பங்கை மகள் தட்டில் தள்ளுவார் பொன்ராஜ்.

"எம் பங்கையும் எடுத்துக்க கண்ணு" என்பாள் ஜெயந்தி.

எடை நாள் வந்தது. பொன்ராஜுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண், ஜெயந்திக்கு முழுசாக நூறு.

"கலக்கிட்டீங்க சார்!" என்ற டீச்சர், போட்டோவுக்காக யாழினியை நடுவில் நிறுத்தினார். அவள் சட்டையின் இரண்டு பொத்தான்கள் பூட்டவே முடியாமல் திறந்து கிடந்தன. டீச்சர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். பிள்ளையின் எடையை எழுத அதில் கட்டமே இல்லை.

"மிஸ், என்னைய எப்ப எடை போடுவீங்க?"

"உனக்குக் கல்யாணமாகி, உம் பிள்ளைய இங்க சேக்கும்போதும்மா."

"அப்ப இன்னும் நெறைய நாள் இருக்கு" என்று நிம்மதியாக முறுக்குப் பாக்கெட்டைப் பிரித்தாள் யாழினி.